வாசலைப் பார்த்திருக்கும் காலடி

சான் பெலிசியோ, கலிபோர்னியா
மே 6

அன்புள்ள சாதெனிக் அக்காவுக்கு,

தம்பி மிஹ்ரான் எழுதுவது. நானும் அராக்ஸியும் இங்கே நலம். உன் நெஞ்சு எப்படி இருக்கிறது? டாக்டர் ஸமோ கொடுத்த மாத்திரையை வேளைக்குப் போடுகிறாயா, இல்லை வழக்கம்போல் அலமாரியில் பூட்டிவைத்து அழகு பார்க்கிறாயா?

ஏன் போன் செய்வதில்லை என்று ஆள் மூலம் திட்டி அனுப்பியிருந்தாய். போனில் உனக்குப் பாதி காதில் விழுவதில்லை, எனக்கு மீதி வாயில் வருவதில்லை. கடிதம் என்றால் நிதானமாக எழுதலாம். இங்கே இருக்கிற நம் ஊர்க்காரன் கார்னிக்கின் மாமியார் கியூம்ரிக்கு வருகிறாள், இதை அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். இனிமேல் நம் ஆட்கள் யார் விமானம் ஏறினாலும் அவர்கள் பையில் என் கடிதம் இருக்கும்.

இங்கே ஒரு கூத்து. எங்கள் வீட்டு முன்னால் பச்சையாக ஒரு சதுரம் இருக்கிறதே, போட்டோவில் பார்த்துவிட்டுக் கல்யாண மண்டபக் கம்பளமா என்று கேட்டாயே, அந்த பிளாஸ்டிக் புல். அதை எடுக்கச் சொல்லி நகராட்சியிலிருந்து தாள் வந்திருக்கிறது. தெருவிலிருந்து பார்த்தால் தெரியும்படி வீட்டு முன்புறம் பிளாஸ்டிக் புல் இருக்கக் கூடாதாம். புதுச் சட்டம். ஏற்கெனவே போட்டவர்களும் செப்டம்பர் முடிவதற்குள் எடுத்துவிட வேண்டும், பாதி இடத்திலாவது உயிருள்ள செடி நிற்க வேண்டும். மழையே பெய்யாத அந்த வருஷங்களில் இதே நகராட்சிதான் வீடு வீடாக வந்து, நிஜப் புல்லுக்குத் தண்ணீர் விடாதீர்கள், பிளாஸ்டிக் போடுங்கள் என்று கெஞ்சியது. போட்டதும் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். இப்போது அதே கையால் அபராதச் சீட்டு நீட்டுகிறார்கள்.

கெவோர்க் நன்றாக இருக்கிறான். லாரியை எடுத்துக்கொண்டு வடக்கே போயிருக்கிறான். வேலை நெருக்கம், அதனால்தான் உன்னிடம் பேச முடியவில்லை. நீ அனுப்பிய ஆப்ரிகாட் ஜாமில் ஒரு பாட்டிலை வண்டியிலேயே வைத்திருக்கிறான். அத்தைக்கு முத்தம் சொல்லச் சொன்னான்.

உன் வலியெல்லாம் எனக்கு வரட்டும்.
மிஹ்ரான்


சான் பெலிசியோ
மே 9

நகர அமைப்பு அலுவலகம்
திருமதி மார்லா கீட்டிங் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் குடும்பத்தாரும் நலம் என்று நம்புகிறேன். நலம் விசாரிக்காமல் காரியம் பேசுவது எங்களுக்குப் பழக்கமில்லை, தவறாக எண்ண வேண்டாம். நான் எங்கள் மொழியில் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு ஹாஸ்மிக் ஆங்கிலத்தில் எழுதுகிறாள்.

உங்கள் சட்டத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. அந்தப் புல் எனக்கே பிடிக்காது. மத்தியானத்தில் அடுப்புக்கல்லாகக் காய்கிறது. அதற்குள் தூவியிருக்கும் கறுப்பு ரப்பர் மணிகள் காலுறையில் ஒட்டிக்கொண்டு படுக்கைவரைக்கும் வருகின்றன. முழுவதையும் எடுத்துவிடுகிறேன். ஒரே ஒரு இடத்தை மட்டும் விட்டுவைக்க அனுமதி கேட்கிறேன். வாசற்படிக்கு முன்னால், ஒரு சாப்பாட்டு மேசை அளவு இடம்.

என் மகன் கெவோர்க் மார்ச் மாதம் இறந்துபோனான். வயது இருபத்தொன்பது. சரக்கு லாரி ஓட்டுகிறவன். பாலைவன நெடுஞ்சாலையில் வண்டி கவிழ்ந்தது. அவன் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வீட்டு முன்னால் கரியடுப்பு வைத்து இறைச்சி சுட்டோம். அதை நாங்கள் கொல்லைப்புறத்தில் ஒளித்துவைத்துச் சுட மாட்டோம். தெருவில் போகிறவனைக் கூப்பிட்டு ஒரு துண்டு கையில் கொடுக்காவிட்டால் அது விருந்தே இல்லை. புகை அண்டை வீட்டு லாயிட்டின் ஜன்னலுக்குள் போகிறதென்று கெவோர்க் அடுப்பைத் தூக்கி நகர்த்தினான். அடுப்பின் கால் ஒன்று கழன்று, கங்கெல்லாம் புல்லில் கொட்டிவிட்டது. பூட்ஸ் காலால் ஓங்கி மிதித்து அணைத்தான். பிளாஸ்டிக் உருகி, அவன் காலை எடுத்தபோது பூட்ஸின் அடிப்பாகம் அப்படியே பதிந்துவிட்டது.

"அம்மா, உன் புல்லுல முத்திரை குத்திட்டேன் பாரு!" என்று சிரித்தான்.

"போடா தடியா! இத்தனை வருஷம் ஒரு பொறி படாம வச்சிருந்தேன்" என்று என் மனைவி அராக்ஸி கைத்துணியால் அவன் முதுகில் அடித்தாள். திரும்பி வந்ததும் அந்த இடத்தை வெட்டிவிட்டு ஒட்டுப் போட்டுத் தருகிறேன் என்றான்.

நிஜப் புல்லாக இருந்திருந்தால் இந்நேரம் வளர்ந்து மூடியிருக்கும். இது வளராது. அதனால்தான் கேட்கிறேன், அம்மா. பூட்ஸின் கோடுகள், குதிகாலில் தேய்ந்த மூலை எல்லாம் இன்னும் தெரிகின்றன. விரல் பக்கம் வீட்டு வாசலைப் பார்த்திருக்கிறது. அவன் மூடிய பெட்டியில்தான் வீட்டுக்கு வந்தான், நாங்கள் முகம் பார்க்கவில்லை. எங்களிடம் மிச்சமிருப்பது இந்தக் கால்தான்.

இதை நான் என் கூடப்பிறந்த அக்காவுக்குக்கூடச் சொல்லவில்லை. நானும் அராக்ஸியும் முதலில் இந்த நாட்டுக்கு வந்து காலூன்றப் பாடுபட்டபோது, நான்கு வருஷம் அவனை வளர்த்தவள் அவள்தான். அவளுக்கு இதய நோய். சேதி கேட்டால் தாங்க மாட்டாள் என்று டாக்டரும் உறவினரும் சேர்ந்து முடிவு செய்து, ஊரில் யாரும் வாய் திறக்கக் கூடாதென்று கட்டுப்பாடு. நோயாளிகளிடம் சாவைச் சொல்லாமல் வைப்பது எங்களில் வழக்கம். அவளைப் பொறுத்தவரை கெவோர்க் இன்னும் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறான். முகம் தெரியாத உங்களிடம் சொல்ல முடிகிறது. அது என்னவோ தெரியவில்லை.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
மிஹ்ரான் கஸ்பாரியான்


கியூம்ரி
மே 30

கழுதையாகப் பிறந்திருக்க வேண்டிய என் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. நின்றால் முதல் கடிதம் உனக்குத்தான் போடுவேன், பயப்படாதே. அராக்ஸி சாப்பிடுகிறாளா? அவளைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருந்தாய். புல்லைப் பற்றி ஒரு பக்கம்.

உன் கதையை ரொட்டிக்கடையில் சொன்னேன். "என் தம்பி வீட்டுல பிளாஸ்டிக் புல்லு போட்டிருக்கானாம், சர்க்கார் பிடுங்கச் சொல்லுதாம்" என்றேன். "ஏன், ஆடு கடிச்சுப் பாத்துட்டுப் புகார் குடுத்துடுச்சா?" என்று கேட்டாள் ஹமெஸ்த். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அப்புறம் ஹமெஸ்த் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு இரண்டு ரொட்டி சுற்றிக் கொடுத்தாள். காசு கொடுத்தால் வாங்கவில்லை. அமெரிக்காவில் பிளாஸ்டிக் வளர்க்கிற தம்பி உள்ளவள் என்று பாவப்பட்டாள் போலிருக்கிறது.

அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஒரு ஆப்ரிகாட் மரம் வை. மனுஷன் வீட்டு முன்னால் பழுக்கிற மாதிரி ஒன்று நிற்க வேண்டாமா? இதற்குப் போய் அபராதம் கட்டுவேன் என்று முரண்டு பிடிக்கிறாயாமே, கார்னிக் மாமியார் சொன்னாள். உனக்கு என்ன வந்தது?

கெவோ ஏன் எனக்கு எழுத மாட்டேன் என்கிறான்? நான் மூக்குச் சிந்திவிட்ட பயல் அவன். எட்டு வயதில் உங்களிடம் விமானம் ஏற்றிவிட்டபோது என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றான். இப்போது இரண்டு வரி எழுதக் கையில்லையா? லாரி ஓட்டினால் பேனா பிடிக்கக் கூடாது என்று அங்கே சட்டமா? அவனை எழுதச் சொல். இல்லாவிட்டால் அவன் எங்கே இருக்கிறான், என்ன செய்கிறான் என்று நீயாவது ஒழுங்காக எழுது.

உனக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டேன் என்று நினைத்துக்கொள்.
சாதெனிக் அக்கா


சான் பெலிசியோ நகர அமைப்பு அலுவலகம்
ஜூன் 17

திரு. கஸ்பாரியான் அவர்களுக்கு,

நலம். விசாரித்தமைக்கு நன்றி. இந்த அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் யாரும் அதைக் கேட்பதில்லை.

தங்கள் மகனின் மறைவுக்கு என் ஆழ்ந்த இரங்கல். தங்கள் கோரிக்கையைக் கவனமாகப் படித்தேன். விதியைக் கீழே விளக்குகிறேன்.

தெருவிலிருந்தோ நடைபாதையிலிருந்தோ பார்வையில் படும் எந்த முன்புறத்திலும் செயற்கைப் புல் இருக்கக் கூடாது. இடத்தின் அளவு இதில் கணக்கில்லை. ஒரு மேசை அளவானாலும் விதி ஒன்றே. மேலும், எரிந்து உருகிய செயற்கைப் புல் சேதமடைந்ததாகவே கருதப்பட்டு, அதனாலேயே அகற்றப்பட வேண்டும். வீட்டின் பின்புறத்தில், வெளியிலிருந்து தெரியாத இடத்தில், தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்படி அமைத்தால் வைத்துக்கொள்ளத் தடையில்லை. விதிவிலக்குக் கோர விரும்பினால் ஜூலையில் நடக்கும் பொது விசாரணையில் தாங்கள் நேரில் மூன்று நிமிடம் பேசலாம்.

இன்னொன்றையும் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. தண்ணீர் விடத் தடையுள்ள நாட்களிலும் தங்கள் இல்லத்தில் செயற்கைப் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றப்படுவதாக ஒரு புகார் வந்துள்ளது. அதை எப்படிப் பதிவு செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மார்லா கீட்டிங்


சான் பெலிசியோ
ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இடையில் யாரும் ஊருக்குக் கிளம்பவில்லை. நெஞ்சுவலி ஒன்றும் இல்லையே?

புல் வழக்கு விசாரணைக்குப் போய்வந்தேன். கோட்டு மாட்டிக்கொண்டு போனேன், நீ பார்த்திருந்தால் பெண் கேட்கப் போகிறானா என்று கேட்டிருப்பாய். ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிஷம். எதிரே ஒரு விளக்கு. பச்சை எரிந்தால் பேச வேண்டும், சிவப்பு எரிந்தால் வாயை மூட வேண்டும். எனக்கு முன்னால் பக்கத்து வீட்டு லாயிட் எழுந்தான்.

"நான் யாருக்கும் எதிரி இல்ல. ஆனா அந்த வீட்டம்மா தினமும் சாயங்காலம் பிளாஸ்டிக்குக்குத் தண்ணி ஊத்துறாங்க. என் ரோஜாவுக்கே நான் வாரத்துல ரெண்டு நாள்தான் ஊத்துறேன். ரோஜா காயுது, பிளாஸ்டிக் குளிக்குது" என்றான்.

சபையே சிரித்தது. ஒரு கிழவர் கைகூடத் தட்டினார். லாயிட் கெட்டவன் இல்லை. சுட்ட இறைச்சி கொடுத்தால் வாங்கித் தின்பவன். வெயிலில் உருகிவிடும் என்ற பயத்தில் அராக்ஸி ஊற்றுகிறாள், வேறொன்றும் இல்லை.

அப்புறம் என் முறை. "சொல்லுங்க மிஸ்டர் கஸ்பாரியான், அந்த இடம் மட்டும் உங்களுக்கு எதுக்கு?" என்று விசாரணைக் குழுவின் தலைவி கேட்டாள். விளக்கு பச்சையாக எரிந்தது. ஹாஸ்மிக் எழுதிக்கொடுத்த தாள் கையில் இருந்தது. நான் படிக்கவில்லை. சிவப்பு எரியும்வரை நின்றுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஆங்கிலம் வரவில்லை என்று வைத்துக்கொள். அனுமதி இல்லை என்று முடிவாகிவிட்டது.

கெவோர்க் இப்போது அரிசோனாவில் இருக்கிறான். தாடி வளர்த்திருக்கிறான், நம் தாத்தா சாயல் வந்துவிட்டது. அங்கே வெயில் கொடுமை, பகலில் தூங்கிவிட்டுச் சாயங்காலத்துக்கு மேல் ஓட்டுகிறான். ஏன் எழுதவில்லை என்று திட்டினேன். அத்தையிடம் நேரில் வந்தே பேசிக்கொள்கிறேன் என்றான்.

உன் வலி என்னைச் சேரட்டும்.
மிஹ்ரான்


கியூம்ரி
ஆகஸ்ட் 14

தம்பிக்கு,

அக்கா இருக்கிறேன். மாத்திரை போடுகிறேன். ஸமோ வந்தால் நாடி பார்க்கிற நேரத்தைவிட என் முகத்தைப் பார்க்கிற நேரம்தான் அதிகம். "என்னடா, கல்யாணம் பண்ணிக்கப் போறியா என்னை?" என்று கேட்டேன். சிரிக்கக்கூட இல்லை, பாவி.

ஜூலையில் வர்தவார் திருநாள் வந்துபோனது. தெருவெல்லாம் ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் வாரி இறைத்தார்கள். பாதிரியாரையே தொப்பலாக நனைத்தார்கள். நான் வேண்டுமென்றே இரண்டு முறை தெருக்கோடிவரை நடந்தேன். என் மேல் ஒருவரும் ஒரு சொட்டு ஊற்றவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவர்களும் என்னைக் கண்டதும் தரையில் இறக்கிவிட்டார்கள். உலர்ந்த துணியோடு வீட்டுக்கு வந்தேன். வயதாகிவிட்டால் இப்படித்தான் போலும்.

கெவோவுக்குத் தாடி நன்றாகத்தான் இருக்கும். அவனை எழுதச் சொல்லித் தொந்தரவு செய்யாதே. ஓட்டுகிறவனுக்குக் கவனம் சாலையில்தான் இருக்க வேண்டும். நீயே எழுது. ஊர்ப் பெயரெல்லாம் போட்டு எழுது. பள்ளிக்கூடத்தில் தூக்கிப் போட்ட உலக வரைபடம் ஒன்றை வாங்கிவந்து சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். அரிசோனாவில் ஒரு ஊசி குத்தியிருக்கிறேன். அங்கே என்ன சாப்பிடுகிறான்? எங்கே படுக்கிறான்? வண்டியில் சன்னல் அடைத்துக்கொண்டு தூங்கினால் மூச்சு முட்டும் என்று சொல்.

புல் விஷயத்தில் போன முறை கடுமையாக எழுதிவிட்டேன். பேசப் போன இடத்தில் நீ பேசாமல் நின்றாய் என்றால் அதற்குக் காரணம் இருக்கும். அக்காவிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. அராக்ஸி தண்ணீர் ஊற்றினால் ஊற்றட்டும். அவளைத் தடுக்காதே.

கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். யாருக்காக என்று கேட்டார்கள். வழியில் இருக்கிறவர்களுக்காக என்றேன்.
சாதெனிக்


சான் பெலிசியோ
செப்டம்பர் 8

திருமதி மார்லா கீட்டிங் அவர்களுக்கு,

நலமா? நீங்கள் நேரில் வந்து போனதற்கு நன்றி சொல்ல எழுதுகிறேன். அன்று காபி கொடுத்தோம், நீங்கள் கடைசிவரை குடித்தீர்கள். எங்கள் காபியை அமெரிக்கர்கள் யாரும் முதல் தடவையில் குடித்து முடித்ததில்லை.

நீங்கள் நடைபாதையில் நின்று பார்த்தீர்கள். அங்கிருந்து அந்த இடம் தெரிகிறது. தெரியவில்லை என்று எழுதியிருந்தால் நான் நம்பியிருப்பேன், ஆனால் நீங்கள் பொய் எழுதுகிறவர் இல்லை. காரில் ஏறிய பிறகும் கொஞ்ச நேரம் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தீர்கள். அராக்ஸி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "அந்தப் பொண்ணு மிதிக்காம சுத்திப் போனா, பாத்தியா?" என்று என்னிடம் கேட்டாள். உங்கள் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. சட்டத்தின் மேல் இருக்கிறது. அதை உங்களிடம் சொல்லச் சொன்னாள்.

எடுத்துவிடுகிறோம். கடைசி வாரம் எஃப்ரைன் என்பவர் ஆட்களோடு வருகிறார். பின்புறம் வைக்கலாம் என்றீர்கள். எங்கள் பின்புறத்தில் சிமெண்டும் குப்பைத் தொட்டிகளும்தான். அங்கே போய் நில் என்று அவனிடம் எப்படிச் சொல்வது என்கிறாள் அராக்ஸி.

வீட்டுக்குள் பிளாஸ்டிக் புல் வைப்பதற்கு ஏதாவது விதி இருக்கிறதா? இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

மரியாதையுடன்,
மிஹ்ரான் கஸ்பாரியான்


சான் பெலிசியோ நகர அமைப்பு அலுவலகம்
செப்டம்பர் 13

திரு. கஸ்பாரியான் அவர்களுக்கு,

நலம். வீட்டுக்குள் எந்த விதியும் இல்லை.

தங்கள் மனைவிக்கு என் அன்பைச் சொல்லவும்.
மார்லா


சான் பெலிசியோ
அக்டோபர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்றுதான் எழுதுகிறேன். நீயும் நலமாக இரு.

புல்லை எடுத்தாகிவிட்டது. எஃப்ரைன் இரண்டு ஆட்களோடு வந்தான். அராக்ஸியைச் சர்ச்சுக்கு அனுப்பிவிடலாம் என்று பார்த்தேன், அவள் போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். ஓரத்தில் அடித்திருந்த ஆணிகளைப் பிடுங்கி, கம்பளம் சுருட்டுவது போலச் சுருட்டிக்கொண்டே வந்தார்கள். அடியில் மண் என்று ஒன்று இல்லை அக்கா. சாம்பல் நிறத்தில் சரளைக்கல்தான் இறுகிக் கிடந்தது. ஒரு புழு கிடையாது, எறும்பு கிடையாது. "இதுல எதுவும் வராது சார். புது மண்ணு கொட்டி ஒரு வருஷம் விடணும்" என்றான் எஃப்ரைன். உன் ஆப்ரிகாட் மரம் அதுவரை பொறுத்திருக்க வேண்டும்.

வாசற்படிக்கிட்டே வந்ததும் அவர்கள் நின்றுவிட்டார்கள். அங்கே கெவோர்க் நின்றுகொண்டிருந்தான்.

ஆமாம், வந்திருந்தான். உனக்கு எழுத வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. வாசலைப் பார்த்தபடி, உள்ளே வருகிற மாதிரி, ஒரு காலை முன்னால் வைத்து நின்றான். அராக்ஸி யாரையும் அவனைத் தொட விடவில்லை. எஃப்ரைனிடமிருந்து கத்தியை வாங்கி அவளே முட்டி போட்டு, அவனைச் சுற்றிலும் வெட்டி எடுத்தாள். இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு உள்ளே போனாள். இப்போது அவன் கதவுக்கு உட்பக்கம், செருப்பெல்லாம் விடுகிற இடத்தில் இருக்கிறான். என்னுடைய செருப்புக்கும் அவளுடைய செருப்புக்கும் நடுவில்.

எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்று வெகுநேரம் யோசித்தாள். கடைசியில் வீட்டுக்குள் பார்த்தபடியே வைத்தாள். நான் வேலைக்குப் போகும்போது அவனைத் தாண்டித்தான் போகிறேன்.

என்ன எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. தூக்கம் சரியில்லை, அதனால் இருக்கும். அவன் திரும்ப வண்டிக்குப் போய்விட்டான். ஊர்ப் பெயர் மறந்துவிட்டது. அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

மிஹ்ரான்


கியூம்ரி
நவம்பர் 22

என் கண்ணான தம்பிக்கு,

பதில் போடாமல் இத்தனை நாள் உன்னைத் தவிக்க விட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. இங்கே பனி விழுந்துவிட்டது, அடுப்புக்கு விறகு இருக்கிறது, நெஞ்சும் சொன்னபடி கேட்கிறது. நான்கு முறை எழுதி நான்கு முறை அடுப்பில் போட்டேன். இதைப் போட மாட்டேன்.

எனக்குத் தெரியும், மிஹ்ரான். ஏப்ரலிலிருந்தே தெரியும்.

ஈஸ்டருக்கு மறுநாள் ரொட்டிக்கடைக்குப் போனேன். ஹமெஸ்த் வெளியூர்க் கல்யாணத்திலிருந்து அன்றுதான் வந்திருந்தாள். என்னிடம் சொல்லக் கூடாது என்று ஊர் கூடிப் பேசியது அவளுக்கு எட்டவில்லை. மாவுக் கையோடு ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு, "ஐயோ சாதெனிக், உன் கையில வளந்த பிள்ளையாச்சே!" என்று அழுதாள். கடையில் நின்றவர்கள் முகத்தைப் பார்த்தேன், எல்லாம் விளங்கிவிட்டது. நான் அங்கேயே உட்கார்ந்தேன். நெஞ்சு நிற்கட்டும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. அந்தச் சனியன் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

உனக்குச் சொல்லக் கூடாது என்று ஹமெஸ்திடமும் கடையில் நின்றவர்களிடமும் சத்தியம் வாங்கினேன். எனக்குத் தெரியாது என்று ஊர் நடித்தது. தெரியாத மாதிரி நான் நடித்தேன். கறுப்பை உள்ளே உடுத்தி மேலே பூப்போட்ட அங்கியைப் போட்டுக்கொண்டேன். நாற்பதாம் நாளில் ஒரு தட்டு சோறு பொங்கித் தனியாக உட்கார்ந்து அவன் பேரைச் சொல்லிச் சாப்பிட்டேன். வர்தவாரில் ஏன் யாரும் என் மேல் தண்ணீர் ஊற்றவில்லை என்று இப்போது உனக்குப் புரியும். சாவு விழுந்த வீட்டுக்காரியை நனைக்க யாருக்கும் கை வராது. வாயை மூடி வைக்கத் தெரிந்தவர்களுக்கு வாளியை மறைக்கத் தெரியவில்லை.

மே மாதம் அவனை எழுதச் சொல் என்று திட்டினேன் அல்லவா? நீ எப்போது உடைவாய் என்று பார்க்கத்தான் அப்படி எழுதினேன். நீ உண்மையைச் சொன்னால், சேர்ந்து அழலாம் என்று நினைத்தேன். உன் பதில் வந்தது. அதில் கெவோ அரிசோனாவில் தாடி வளர்த்திருந்தான். பகலில் தூங்கினான், சாயங்காலம் ஓட்டினான். நான் அந்தத் தாளை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அப்புறம் எனக்கு உண்மை வேண்டாம் என்று ஆகிவிட்டது. அந்த நிலநடுக்கத்தில் என் வீட்டுக்காரர் போனபோது ஒருவரும் மறைக்கவில்லை. தெருவில் நிற்கவைத்து ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனார்கள். இந்த முறை எனக்கு இத்தனை மாதம் பொய் கிடைத்தது. அது பெரிய கருணை, தம்பி. உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை.

அக்டோபர் கடிதத்தைப் படித்துத்தான் பிளாஸ்டிக்கில் பதிந்திருந்தது என்ன என்று தெரிந்துகொண்டேன். நீ சொல்லாமலே சொல்லிவிட்டாய். அதைப் போய் எறி என்று எழுதினேனே, என் கையை வெட்டிப் போட வேண்டும். அராக்ஸியிடம் சொல், அவள் சரியாகத்தான் வைத்திருக்கிறாள். உள்ளே பார்த்துத்தான் வைக்க வேண்டும். அந்த இடத்தைப் பெருக்கும்போது ஈரத் துணியால் துடைக்கச் சொல், துடைப்பம் வேண்டாம்.

அராக்ஸிக்கு அந்தக் கால் இருக்கிறது. எனக்கு உன் கடிதங்கள்தான் இருக்கின்றன. அதனால் ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. எனக்குத் தெரியும் என்று உனக்குத் தெரிந்துவிட்டது என்பதற்காக நிறுத்திவிடாதே. ஊசி இன்னும் அரிசோனாவிலேயே நிற்கிறது. ஊர்ப் பெயர் அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன் என்றாய்.

உன் வலி, அராக்ஸியின் வலி, இரண்டும் எனக்கு வரட்டும். எனக்கு இடம் இருக்கிறது.
அக்கா


சான் பெலிசியோ
டிசம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் கடிதத்தை அராக்ஸிக்குப் படித்துக் காட்டினேன். முடித்ததும் அவள் எழுந்து போய் ஈரத் துணியால் துடைத்துவிட்டு வந்தாள். முன்புறம் புது மண் கொட்டியிருக்கிறது. எதுவும் முளைக்கவில்லை. லாயிட் தன் ரோஜாவிலிருந்து ஒரு குச்சி வெட்டிக் கொண்டுவந்து, எங்களைக் கேட்காமலே நட்டுவிட்டுப் போனான். அது பிடிக்கும் என்று தோன்றவில்லை. குளிரில் வெளியே போகும்போது நெஞ்சை மூடிக்கொண்டு போ.

கெவோர்க் நெப்ராஸ்காவில் இருக்கிறான். ஊர்ப் பெயர் கியர்னி. வரைபடத்தில் அமெரிக்காவின் நட்ட நடுவில் தேடு. பனி கொட்டிச் சாலையை மூடிவிட்டார்கள். வழியோர ஓட்டல் ஒன்றில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறான். ஓட்டல்காரி நல்லவளாம், சூப்புக்குக் காசு வாங்க மாட்டேன் என்கிறாளாம். சன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்துத்தான் தூங்குகிறான், நீ சொன்னதைச் சொன்னேன். தாடியை எடுத்துவிட்டான். ஜாம் பாட்டில் காலியாம், அத்தையிடம் இன்னொன்று கேட்கச் சொன்னான். யாராவது வந்தால் கொடுத்தனுப்பு.

இந்த முறை உனக்கு அவனே எழுதுவதாகத்தான் இருந்தான். குளிரில் விரல் மடங்க மாட்டேன் என்கிறதாம், நீயே எழுது அப்பா என்று சொல்லிவிட்டான்.

மிஹ்ரான்